முதலாம் பேஸும் மண்ணீரலும்

என் மகள் துளசி விளையாட்டுப் போட்டியன்று விழுந்து அடிபட்டாள் என்று லுணுகலையில் சொல்லிக்கொள்கிறார்கள். போட்டியன்று அல்ல. அதற்கு முந்திய வாரம், தீபாவளிக்கு முன் வந்த வெள்ளிக்கிழமை, பயிற்சி ஆட்டத்தில். விழவும் இல்லை. நின்ற இடத்தில் இடிபட்டாள். நடந்து ஒரு வருடம்கூட ஆகாத விஷயத்தில் நாளையும் செயலையும் தப்பாகச் சொல்கிற ஊர், காரணத்தை மட்டும் சரியாகச் சொல்லும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். வயிற்றில் அடிபட்ட பிள்ளையை வீட்டில் வைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டால் எனக்குப் போதும்.

சொஃப்ட்போல் எங்கள் பக்கத்துக்குப் புதிது. நான்கு மூலைகளில் ஒன்றில் நின்று அடித்தவள், பேஸ் எனப்படும் சதுர மெத்தைகளைத் தொட்டுக்கொண்டு சுற்றி வரவேண்டும். அவள் முதலாம் பேஸைத் தொடுவதற்கு முன் பந்து அங்கே நிற்பவளின் கைக்கு வந்துவிட்டால் ஓடியவள் அவுட். ஆக, ஒருத்தி ஒரு மெத்தையை நோக்கி முழு வேகத்தில் ஓடி வருகிறாள். இன்னொருத்தி அதே மெத்தையில் காலை ஊன்றிக்கொண்டு, வருபவளைப் பார்க்காமல் பந்தைப் பார்த்து நிற்கிறாள். இவர்கள் இடித்துக்கொள்வார்கள் என்று புரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை. ஆட்டத்துக்குச் சாமான் செய்பவர்களுக்கே புரிந்திருக்கிறது. அதனால்தான் சிறு வயதினருக்கு முதலாம் பேஸை மட்டும் இரட்டையாகச் செய்கிறார்கள். வெள்ளைப் பாதி பந்து பிடிப்பவளுக்கு. அதோடு ஒட்டி, கோட்டுக்கு வெளியே கிடக்கும் செம்மஞ்சள் பாதி ஓடி வருபவளுக்கு. இருவரும் ஒரே இடத்தை மிதிக்க வேண்டியதில்லை.

துளசியின் பள்ளிக்கு வந்த சாமான் பொதியில் ஒரு தனி மெத்தை குறைந்தது. எந்த அலுவலக வாசலில் கால் துடைக்கக் கிடக்கிறதோ தெரியாது. விளையாட்டு ஆசிரியர், எல்லோருக்கும் விளையாட்டு சேர், பொதியைப் பிரித்தார். இரட்டை மெத்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொழிற்சாலையில் வெட்ட மறந்துவிட்டார்கள் என்று முடிவு செய்தார். ஒரு மாணவியின் வீட்டிலிருந்து கவ்வாத்துக் கத்தியை, அதாவது தேயிலைச் செடியை வெட்டும் அந்த வளைந்த கத்தியை, வரவழைத்து நடுவே அறுத்தார். வெளியே வந்த பஞ்சைச் சாக்கு நூலால் தைத்தார்கள். செம்மஞ்சள் பாதி இரண்டாம் பேஸ் ஆயிற்று. அதிபர் காலைக் கூட்டத்தில் அவருடைய சிக்கனத்தைப் பாராட்டிப் பேசினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். விதிப்புத்தகமும் அதே பொதியில்தான் வந்திருந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் அது அலுமாரியில் இருந்ததை நான் பின்னால் என் கண்ணால் பார்த்தேன்.

சேருக்காக ஒன்று சொல்லலாம். அவர் எல்லே ஆட்டத்தில் பெயர் எடுத்தவர். மூங்கில் தடியால் அடித்துவிட்டு ஓடும் அந்த ஆட்டத்தில், ஓடுபவர் மேல் பந்தை எறிந்துதான் அவுட் ஆக்குவார்கள். வழியில் நின்றுகொண்டு பந்துக்காக யாரும் காத்திருப்பதில்லை. அதனால் இடிபடுவது என்ற ஒன்று அவர் மனதில் தோன்றவே இல்லை. தோன்றாத ஒன்றைக் கற்பிக்கவும் முடியாது. பிள்ளைகளுக்கு அவர் கற்பித்தது இவ்வளவுதான்: ஓடுகிறவள் நிற்கக் கூடாது, பிடிக்கிறவள் நகரக் கூடாது. பிள்ளைகள் சேர் சொன்னதைத் தவறாமல் செய்தார்கள்; மற்றப் பள்ளிப் பிள்ளைகளும் வேறு எதையும் கற்றிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நமுனுகுலப் பக்கத்துப் பள்ளி ஒன்று ஆடவந்தது. அவர்களுடைய கோகிலா பந்தை அடித்துவிட்டு ஓடினாள். துளசி முதலாம் பேஸில் நின்றாள். பந்து சற்று விலகி வந்தது. துளசி அதற்காக உடம்பை நீட்டிய கணத்தில் கோகிலாவின் முழங்கால் அவளுடைய இடது விலாவின் கீழே ஏறியது. கோகிலா அவளைத் தாண்டித் தோளில் விழுந்தாள். அவளுடைய காறை எலும்பு, கழுத்தையும் தோளையும் சேர்க்கும் எலும்பு, முறிந்து தோலைத் தூக்கிக்கொண்டு நின்றது. தலையும் தரையில் மோதியிருந்தது. எல்லோரும் அவளைச் சுற்றி ஓடினார்கள். அது கண்ணுக்குத் தெரிகிற காயம். வேனில் போட்டு நேரே பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

துளசி எழுந்துவிட்டாள். தண்ணீர் குடித்தாள். காற்றுப் பிடித்திருக்கிறது, சரியாகிவிடும் என்றார் சேர். சிறிது நேரத்தில் இடது தோள் வலிக்கிறது என்று அவள் சொன்னபோது தைலம் கொண்டுவரச் செய்து தோளில் தேய்க்க வைத்தார். தோளில் அடியே படவில்லை. படாத இடம் ஏன் வலிக்கிறது என்று கேட்கும் பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. பிறகு பிள்ளையை வழக்கமான பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். எங்கள் ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் அந்த வயிற்றுக்குள் என்ன செய்திருக்கும் என்று நான் இப்போதும் நினைப்பதுண்டு.

நான் ஒரு சிறிய வாசிகசாலையில் வேலை செய்கிறேன். வீட்டுக்கு வந்தபோது துளசி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. எழுந்தாள், இரண்டடி வைத்தாள், என் மேல் சரிந்தாள். தேயிலை ஆலையில் மெக்கானிக்காக இருக்கும் என் கணவர் ஓட்டோ பிடித்து வந்தார். லுணுகலை ஆஸ்பத்திரியில் டொக்டர் வயிற்றைத் தொட்டார், தோள்வலி என்று நாங்கள் சொன்னதும் வேறு எதுவும் கேட்காமல் அம்புலன்ஸை வரச்சொன்னார்.

பதுளையில் வயிற்றில் கூழ் தடவி ஸ்கேன் பார்த்தார்கள். பிறகு சீடி ஸ்கேன். அறுவைச் சிகிச்சைப் பிரிவில் இருந்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். அவர் ஒரு கடதாசியில் படம் கீறி எனக்கு விளங்கப்படுத்தினார். இடது விலாவுக்கு உள்ளே, கையை மூடினால் வரும் அளவில் இருப்பது மண்ணீரல். இரத்தத்தை வடிகட்டும், சில கிருமிகளைப் பிடித்து அழிக்கும். உள்ளே பஞ்சுபோல் இரத்தம் நிறைந்தது, வெளியே மெல்லிய உறை. அந்த உறை கிழிந்து வயிற்றுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது. கசிந்த இரத்தம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள சவ்வைத் தொட்டால், அந்த வலியை நரம்பு தோளில் கொண்டுபோய்க் காட்டும். சேர் தைலம் தேய்த்தது அதற்குத்தான்.

வெட்டி எடுக்க வேண்டுமா என்று கேட்டேன்.

"இப்ப வேண்டாம். இந்த வயசில தானாப் பொருந்திறதுக்கு நல்ல இடமிருக்கு. அசையாமப் படுக்கட்டும், நாங்கள் பாத்துக்கொண்டு இருப்பம். இரத்தம் குறைஞ்சுகொண்டே போனா எடுக்கத்தான் வேணும்."

எடுத்தால் என்ன ஆகும் என்றும் கேட்டேன். மனிதர் மண்ணீரல் இல்லாமல் வாழலாம் என்றார். ஊசிகள் போடவேண்டும். ஆனால் வாழ்நாள் முழுக்க எந்தக் காய்ச்சலையும் சாதாரணக் காய்ச்சலாக எடுக்க முடியாது. காய்ச்சல் கண்டதும் ஓடி வரவேண்டும், சில கிருமிகள் மணிக்கணக்கில் ஆளை விழுத்திவிடும். உங்களுக்கு வீடு எவ்விடம் என்று கேட்டார். சொன்னேன். மழை பிடித்தால் எங்கள் ரோட்டில் மண் சரியும் என்பது பதுளையில் வேலை செய்கிற எவருக்கும் தெரியும். ஆக எனக்கு விஷயம் தெளிவாயிற்று. அந்தக் கையளவு உறுப்பு என் மகளின் வயிற்றில் தங்கவேண்டும். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மல்லாந்து படுத்தபடி, திரும்பாமல், இருமாமல் இரு என்று துளசியிடம் சொன்னார்கள். ஒரு கையில் சேலைன், மறு கையில் அழுத்தம் பார்க்கும் பட்டை. இரத்தம் ஏற்றினார்கள். காலையும் மாலையும் பீசீவி என்ற சோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள். எடுத்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை பங்கு என்று அது சொல்லும். பங்கு இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். வார்டில் எனக்கு அந்த எண்ணைத் தவிர வேறு நாட்காட்டி இல்லை. சாதாரணமாக நான் நாள் தவறாதவள். அந்த வாரத்தில் சனி எது ஞாயிறு எது என்பது, யார் பார்க்க வந்தார்கள் என்பதை வைத்துத்தான் இப்போது பிரித்தறிய முடிகிறது.

எதிர்க் கட்டிலில் கோகிலா இருந்தாள். எலும்பின் முனை தோலைக் குத்தியதால் தகடு வைக்க நாள் பார்த்திருந்தார்கள். அவளுடைய அம்மா வசந்தி நமுனுகுலத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். குரல் வார்டின் அந்தக் கோடிவரைக்கும் கேட்கும். சனிக்கிழமை முழுக்க அவர் என்னோடு பேசவில்லை, என்னைப் பற்றி மற்றவர்களோடு பேசினார். கடைசியில் நேராகவே கேட்டார்.

"ஏன் மிஸ், ஒங்க மக குறுக்கால நிக்காம இருந்தா எம்புள்ளைக்கு இந்தக் கதி வருமா? அவ்வளவு பெரிய கிரவுண்டுல நிக்க வேற எடமே கெடைக்கலயா?"

"நிக்கச் சொன்ன எடத்துலதாங்க நின்னா. ஒங்க மகளும் ஓடச் சொன்ன எடத்துக்குத்தான ஓடினா?"

"அப்ப யாரு மேலதான் தப்பு?"

இரட்டை மெத்தையையும் கத்தியையும் பற்றிச் சொன்னேன். வசந்தி நம்பவில்லை. தன் மகளைக் கேட்டார். கோகிலா, தங்கள் பள்ளியில் இரட்டை மெத்தை இன்னும் உறையில் இருக்கிறது, அழுக்காகிவிடும் என்று வெளியே எடுப்பதில்லை என்றாள். வசந்தி கொஞ்ச நேரம் இரண்டு பள்ளிகளையும் சமமாகத் திட்டினார். அன்றிலிருந்து எங்களுக்குள் சண்டை இல்லை. பிள்ளைகளுக்குள் மட்டும் இருந்தது. பந்து கையில் இருந்தது, நீ அவுட் என்றாள் துளசி, கூரையைப் பார்த்தபடி. இடித்ததும் பந்து விழுந்துவிட்டது, அவுட் இல்லை என்றாள் கோகிலா. பேசினால் வயிறு அசையும் என்று மிஸி, அதாவது வார்டுத் தாதி, வந்து அதட்டும்வரை இது நடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நாள். நோயாளியைப் பார்க்க வருவது எங்கள் மக்களுக்கு ஒரு கலை. கைகளைக் கட்டிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நிற்பார்கள், இதேபோல் அடிபட்டு இறந்துபோன ஒருவரின் கதையைச் சொல்வார்கள், பிறகு பிஸ்கட் பக்கெட்டை வைத்துவிட்டுப் போவார்கள். வாய்க்குள் எதுவும் போகக் கூடாது என்று தொங்கவிட்டிருந்த அட்டையின் கீழேதான் அத்தனை பிஸ்கட்டும் குவிந்தது. ஒரு தூரத்து மாமா, பெண் பிள்ளைக்கு இந்த ஓட்டம் எதற்கு, நாளைக்கு வயிற்றில் தழும்போடு யார் கட்டுவார்கள் என்று என்னிடம் கேட்டார். கேட்டது துளசியின் காதில் விழவேண்டும் என்றே உரக்கக் கேட்டார். அதிபர் ஆப்பிளோடு வந்தார். கூட வந்தவர் படம் எடுத்தார். அதிபருக்குத் திருப்தி வரும்வரை அந்த ஆப்பிள் மூன்று முறை கை மாறியது.

அன்று மாலை கோகிலாவின் பள்ளிக்காரர்கள் வந்து, முதலாம் பேஸில் நின்றவள் வேண்டுமென்றே வழியை மறித்தாள் என்று சொல்லும்படி அவளிடம் கேட்டுக்கொண்டார்கள். எட்டடி தூரத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அவர்களுக்கு அது ஒரு தடையாகத் தெரியவில்லை.

என் கணவர் வேறுவிதம். அவர் அடுப்படிக்குள் போய் நான் பார்த்ததில்லை. தினமும் முதல் பஸ்ஸில் சோறு கொண்டுவந்தார். குழைந்த சோறு, உப்பில்லாத பருப்பு, ஒரு நாள் உப்பு மட்டும். துளசிக்குச் சாப்பிட அனுமதி இல்லை, அது எனக்காக வந்த சோறு. நான் முடிக்கும்வரை படிக்கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நல்லாருக்கா என்று கேட்க மாட்டார். பிறகு உள்ளே போய் மகளின் பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்பார். உடம்பின் மற்ற இடங்களைத் தொட அவருக்குப் பயம்.

திங்கட்கிழமை தீபாவளி. காலை பீசீவி இறங்கியிருந்தது. டொக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், பெரிய டொக்டரைக் கூட்டி வந்தார், இருவரும் சிங்களத்தில் பேசினார்கள். பிற்பகல் மறுபடி எடுப்போம், இன்னும் இறங்கினால் ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் எங்கள் டொக்டர். சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மாற்று இரத்தம் கொடுக்க ஆட்கள் வந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். என் கணவர் தொலைபேசியில் இரண்டு பேருக்குத்தான் சொன்னார். ஆலை லொறியில் பின்பக்கம் நிறைய வந்து இறங்கினார்கள், எல்லோரும் தீபாவளிக்கு உடுத்திய புதுச் சட்டையோடு. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலைகள் இரத்த வங்கி வாசலில் வரிசையாக நின்றன. அந்தக் கூட்டத்தில் வசந்தியின் தம்பியும் நின்றார். என் வாழ்க்கையில் தீபாவளி என்றால் இனி எனக்கு அந்த வரிசைதான்.

துளசி கேட்டாள்: "அம்மா, வெட்டுனா செத்துருவனா?"

"இல்ல. வெட்டாம இருந்தா நல்லதுன்னுதான் பாக்குறாங்க."

"பயமாருக்கும்மா."

எனக்கும்தான் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

இரண்டாவது இரத்தம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முடிவு வரவில்லை. அந்த நேரம் பார்த்து விளையாட்டு சேர் வந்தார். கையில் பலகாரப் பெட்டி. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். அந்தப் பிள்ளை முழங்காலை உயர்த்தி வேண்டுமென்றே இடித்தாள் என்று துளசி வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம், மிச்சத்தை அவர் எழுதிக்கொள்வாராம். பள்ளியின் பெயர் காப்பாற்றப்படுமாம். கோகிலாவின் கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்றபடி இதையெல்லாம் சொன்னார். முதுகைக் காட்டினால் காது கேட்காது என்று நினைத்திருக்கலாம்.

நான் சண்டைக்காரி அல்ல. வாசிகசாலையில் சத்தம் போடுபவர்களைக்கூட விரலைக் காட்டித்தான் அடக்குவேன். அன்றும் குரலை உயர்த்தவில்லை.

"சேர், எம்பிள்ளைய வெட்டுறதா இல்லையான்னு இன்னும் கொஞ்சத்துல சொல்லுவாங்க. நீங்க வெட்ட வேண்டியத ஏற்கனவே வெட்டிட்டீங்க. போயிட்டு வாங்க."

அவர் வாயைத் திறந்தார். எதிர்க் கட்டிலிலிருந்து வசந்தி முந்திக்கொண்டார்.

"பலகாரத்த வச்சிட்டுப் போங்க சேர். காலையிலேருந்து நாங்க ஒண்ணும் திங்கல."

அவர் வைத்துவிட்டுப் போனார். முறுக்கு நமத்திருந்தது. தின்றோம்.

விளக்கு போடும் நேரத்தில் டொக்டர் வந்தார். நடையிலேயே தெரிந்துவிடும் என்று வாசித்திருக்கிறேன். தெரியவில்லை. அவர் எப்போதும்போலத்தான் நடந்து வந்தார். எண் இறங்கவில்லை, நின்றுவிட்டது என்றார். இன்றைக்கு வெட்டமாட்டோம். நாளைக்கும் இதேபோல் நின்றால் பயம் குறையும். செவ்வாய் நின்றது. புதன் சற்று ஏறியது. வியாழன் துளசிக்குத் தேநீர் கொடுக்கச் சொன்னார்கள். அவள் பாதி குடித்துவிட்டு, சீனி போதாது என்று முகம் சுளித்தாள். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

வார்டில் எங்களிடம் காசு வாங்கவில்லை. பஸ்ஸும் சாப்பாடும்தான் செலவு. அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பெரிய தொகை ஆகியிருக்கும் என்றும் அந்தத் தொகையைப் பள்ளி கொடுத்தது என்றும் லுணுகலையில் இரண்டு கதைகள் உண்டு. பள்ளி கொடுத்தது ஆப்பிள்.

வீட்டுக்கு விடும்போது டொக்டர் சொன்னது: மூன்று மாதம் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. பொருந்திய இடம் இன்னும் இளசு, மறுபடி அடிபட்டால் முதல் தடவையைவிட மோசமாகும். பிறகு ஸ்கேன் பார்த்துச் சொல்வோம். நான் அந்த மூன்று மாதமும் ஒரே சொல்லைச் சொன்னேன். வாசலில், படியில், குளிக்குமிடத்தில், கோயிலில். ஓடாதே. துளசி, ஓடாதே. மழைக்கு உடுப்பு எடுக்கப் போனாலும் ஓடாதே. அவள் எதிர்த்துப் பேசவில்லை. கிழவிபோல் நடந்தாள்.

இதற்கிடையில் விசாரணை முடிந்தது. எதிர்பாராத விபத்து, எவர்மேலும் பொறுப்பில்லை என்று முடிவாயிற்று. ஒரு மெத்தை அறுக்கப்பட்டது பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை என்று அதைப் படித்த ஆசிரியை ஒருவர் சொன்னார். பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் பொருந்தாது என்று நிறுத்திவிட்டார்கள். சாமான்களை ஆண் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள், அறுத்த மெத்தைகளையும் சேர்த்து. ஆண் பிள்ளைகளுக்கு மண்ணீரல் இல்லை போலும். விளையாட்டு சேர் இப்போது மற்றப் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த ஆட்டத்தைப் பற்றி வகுப்பு எடுக்கிறார். பாதுகாப்பும் அதில் ஒரு பாடமாம்.

தைப்பொங்கலுக்குப் பிறகு ஸ்கேனுக்குப் போனோம். அதே யாழ்ப்பாணத்து டொக்டர். திரையில் எனக்கு மேகம்தான் தெரிந்தது. அவர் ஒரு இடத்தைச் சுட்டி, இதில்தான் கிழிசல் இருந்தது, இப்போது தழும்பு மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான் என்றார். மண்ணீரல் முழுசாக இருக்கிறது. இனி இவளும் மற்றப் பிள்ளைகளைப்போலத்தான். என்ன வேண்டுமானாலும் செய்யலாமா என்று துளசி கேட்டாள்.

"செய்யலாம். ஆரும் இடிக்க வந்தா விலத்தி நில்லும்."

வெளியே வந்தோம். பதுளை பஸ் நிலையத்துக்குள் நாங்கள் நுழையும்போது லுணுகலை பஸ் பின்னால் எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு நிறைய நேரம் காத்திருக்க வேண்டும். துளசி என்னைப் பார்த்தாள். எனக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

அவள் ஓடினாள். கூடைக்காரர்களுக்கு நடுவே வளைந்து, தேங்கிய தண்ணீரைத் தாண்டி, இரட்டைப் பின்னல் முதுகில் அடிக்க, பஸ்ஸின் கம்பியைப் பிடித்து மிதிபலகையில் ஏறி நின்றாள். அம்மா வர்றாங்க, கொஞ்சம் நிப்பாட்டுங்க என்று கொண்டக்டரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அவர் ஏதோ முணுமுணுத்தார். எவ்வளவு முணுமுணுத்தாலும் சரி என்று நான் மெதுவாக நடந்தேன்.